பெரிய தள்ளு

விளையாட வா என்று கூப்பிட்டுவிட்டு, ஜெயித்ததும் திருடி என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அதையும் தட்டு நிறையப் பலகாரம் வைத்து, "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று வாய் நிறையச் சொன்ன அதே வாயால்!

அவள் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கணவனோடு நாத்தனார் வீட்டுக்குப் போய் போக்கர் ஆடுவாள். காசு கிடையாது. நாத்தனார் தையல் கடை வைத்திருப்பதால் பொத்தான்தான் பந்தயம். நாத்தனாரின் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் ஓடுகிற வண்டியெல்லாம் தன்னால்தான் நேராக ஓடுகிறது என்ற நினைப்பு அவருக்கு.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடியபடி. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். கைச்சீட்டும் பொதுச்சீட்டும் சேர்ந்து ஒரே எண்ணில் ஜோடி அமைந்தவர், ஜோடியே இல்லாதவரை ஜெயிப்பார். ஒவ்வொரு முறையும் பந்தயம் வைக்கலாம், பயமாக இருந்தால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கையில் ஒன்றும் இல்லாமலே பந்தயத்தை ஏற்றி எதிராளியை ஓடவிடுவதும் உண்டு.

அன்று அவள் கையில் இரண்டு எட்டு. சுமாரான ஜோடி. டிரைவிங் ஸ்கூல்காரர் முதல் ஆளாகப் பந்தயத்தை ஏற்றினார். அந்த இடத்திலிருந்து அவர் ஏற்றினால் ஒன்று பெரிய ஜோடி இருக்கும், இல்லாவிட்டால் ஏஸோடு ஒரு படச்சீட்டு இருக்கும். மற்றதை வைத்துக்கொண்டு துணிகிற ஆள் இல்லை. நாத்தனாரும் கணவனும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். அவள் மட்டும் தொடர்ந்தாள். நடுவில் ஜாக்கி, ஏழு, இரண்டு விழுந்தன. பிறகு நான்கு. கடைசியில் ஒன்பது. உடனே அவர் தன் முன்னால் இருந்த குவியல் மொத்தத்தையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளினார்.

அவள் யோசித்தாள். நல்ல சீட்டு சேர்ந்துவிட்டால் மனுஷனுக்குப் பேராசை வந்துவிடும். எதிராளி ஓடிவிடக் கூடாதே என்று சின்னச் சின்னச் சட்டைப் பொத்தானாக வைத்து ஆசைகாட்டுவார். மொத்தமாகத் தள்ளுகிறார் என்றால் எதுவும் சேரவில்லை, தோற்கவும் மனசில்லை. அப்படியானால் பெரிய ஜோடிகளெல்லாம் கணக்கிலிருந்து வெளியே போயின. ஏஸும் ஜாக்கியும் இருந்திருந்தால் நடுவில் உள்ள ஜாக்கியோடு ஜோடி சேர்ந்திருக்கும்; அதுவும் போனது. மிச்சம் இரண்டே வகை.

"ஏஸ், ராஜா. இல்லன்னா ஏஸ், ராணி. என் எட்டே போதும்" என்று அவளும் தன் பொத்தான்களைத் தள்ளினாள்.

அவர் சீட்டைத் திருப்பினார். ஏஸ், ராஜா.

மனதுக்குள் எண்ணியதை வாய்விட்டுச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்.

"ஓஹோ! இதுல தெரியுறத பாத்துட்டுத்தான் இவ்வளவு நாளா ஆடிட்டு இருக்கியா?"

"என்னண்ணா சொல்றீங்க?"

"பின்ன எப்படிம்மா தெரியும்? ஜோசியமா?"

"எந்தச் சீட்டுன்னு யாராலயும் சொல்ல முடியாதுண்ணா. என்னென்ன இருக்கலாம்னு மொதல்ல ஒரு கூட்டமா நெனச்சுக்கணும். நீங்க ஏத்தினா கொஞ்சம் போகும். தயங்கினா கொஞ்சம் போகும். கடைசில மிஞ்சினதச் சொன்னேன். நீங்க மொத்தமா தள்ளினா உள்ள ஒண்ணும் இருக்காது."

"அப்ப என்னப் பாத்தாலே எல்லாம் தெரிஞ்சுடும்கறே?"

அங்கேதான் விஷயம் இருந்தது. ஒன்று அவள் திருடியாக இருக்க வேண்டும், அல்லது அவர் உள்ளதெல்லாம் வெளியே தெரிகிற ஆளாக இருக்க வேண்டும். இரண்டில் எது தனக்குச் சௌகரியமோ அதை எடுத்துக்கொண்டார். "சாரி சொல்லும்மா, மறந்துடறேன்" என்று பெரிய மனசு வேறு பண்ணினார். நாத்தனார் பொத்தான்களை டப்பாவில் அள்ளிப்போடுவதே உலகத்தில் முக்கியமான வேலை என்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷர் சொன்னதுகூடப் பெரிதில்லை. கணவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இந்த வித்தையை வீட்டுச் சமையலறை மேசையில் அவனுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அத்தானுடைய அந்தப் பழக்கத்துக்குப் "பெரிய தள்ளு" என்று பேர் வைத்து வயிறு வலிக்கச் சிரித்தவனே அவன்தான். பள்ளிக்கூட வாத்தியார் வேறு. வகுப்பில் ஒரு பென்சில் காணாமல் போனால்கூட விசாரிக்காமல் ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்லவிடமாட்டான்.

இப்போது என்ன செய்வான்? "எனக்கும் தெரியும் அத்தான்" என்று சொல்லலாம். கோபப்படலாம். கேலி பண்ணி அத்தானை அடக்கலாம். ஒன்றும் பேசாமல் எழுந்து அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம். அவன் தொண்டையைச் செருமினான். கோபம் போனது. அத்தானைப் பார்க்காமல் இவளைப் பார்த்தான். கேலியும் போனது.

"விடும்மா. விளையாட்டுதானே? ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சுடும்ல?"

எல்லாமே போனது.

அவள் சாரி சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். கணவன் பின்னாலேயே ஓடிவந்தான். வெளியே மழை. காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகு அவனுக்கு வாய் வந்தது.

"நீ பாக்கலன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? அத ஏன் அங்க சொல்லல?"

"எதுக்குச் சண்டைன்னுதான்..."

"என்னத் திருடின்னு சொன்னா அது சண்டை இல்ல, நான் இல்லன்னு நீங்க சொன்னாத்தான் சண்டையா? மேல போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் வண்டி நகரக் கூடாது."

அவன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு இறங்கிப் போனான். அவளுக்கே ஆச்சரியம், நிஜமாகவே போகிறானே! கோபத்தில் பாதி அப்போதே இறங்கிவிட்டது. பாவம், அக்கா வீட்டில் அவனுக்கும் தர்மசங்கடம் இருக்காதா என்றுகூட நினைத்தாள்.

அவன் கையில் குடையோடு திரும்பி வந்தான். அவள் அவசரத்தில் மறந்து வைத்துவிட்டு வந்த குடை.

"சொல்லிட்டீங்களா?"

"சும்மா விடுவேனா? நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டேன். என் பொண்டாட்டிய இனி ஒரு வார்த்தை சொன்னா இந்த வாசப்படியே மிதிக்க மாட்டேன்னுட்டேன். அத்தான் ஆடிப் போயிட்டார். அக்கா அழுதுட்டா தெரியுமா!"

"சொன்னேன், சரின்னார்" என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவள் அவனைப் பார்த்தாள். அவன் வைப்பரைப் போட்டுவிட்டு அது ஆடுவதையே பார்த்தான்.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணி, இப்ப இவர் மேல வந்தப்ப என்ன சொன்னார்?"

"தம்பியா? குடை கேட்டான், எடுத்துக் குடுத்தேன். ஏம்மா, அது உன் குடை இல்லியா?" நாத்தனாரின் குரலில் அழுத சுவடே இல்லை.

"என் குடைதான் அண்ணி."

போனை வைத்தாள். அவன் காது வரை சிவந்து போயிருந்தான். அவள் கதவைத் திறந்தாள்.

"எங்க போறே? மழை பெய்யுது, குடையாவது எடுத்துக்கோ."

"நீங்களே வெச்சுக்குங்க. கஷ்டப்பட்டு வாங்கிட்டு வந்தது."

நனைந்தபடியே படியேறிக் கதவைத் தட்டினாள். டிரைவிங் ஸ்கூல்காரர்தான் திறந்தார். சாரி கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் முகம் பாதி மலர்ந்தது.

"அண்ணா, நான் உங்க சீட்ட பாக்கல. நான் திருடி இல்ல. இத என் புருஷன் வந்து சொல்வார்னு கீழ காத்துட்டு இருந்தேன். இன்னைக்கு என் கணக்கு தப்புனது அது ஒண்ணுலதான்."