வெளியிலிருந்து வந்த ‘குளிர்’

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சுவரோரம் ஒட்டிக்கொண்டிருக்கிறவர்களும்தான் வாருங்கள். இன்றைக்கு ஒரு பூட்டுக் கதை வைத்திருக்கிறேன். கதவும் சுவரும் இல்லாத ஒரு கிடங்குக்குப் போட்ட பூட்டு! கேட்டு முடிப்பதற்குள் உங்கள் நெஞ்சு படபடக்கவில்லை என்றால் என்னைக் கேளுங்கள்.

ஓர் அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து சின்னதாக ஒரு மென்பொருள் கம்பெனி நடத்தினார்கள். ஆஸ்பத்திரிகளில் ரத்தம் வைத்திருக்கும் குளிர்பெட்டிகளைக் காவல் காப்பதுதான் அவர்கள் மென்பொருளின் வேலை. பெட்டிக்குள் சூடு ஏறினால் அந்த நிமிஷமே அலாரம் அலற வேண்டும். அதற்கு நாத்தனார் எழுதிய நிரல் துண்டின் பெயர் ‘குளிர்’.

அந்தத் துண்டைக் கம்பெனி ஊழியர்கள் ஆளாளுக்குப் பென்டிரைவில் எடுத்துப்போய்த் தங்கள் வேலையில் ஒட்டிக்கொள்வார்கள். இவள் இங்கே ஒரு பிழையைத் திருத்தினால், அங்கே ஒருவர் பழையதையே ஒட்டி அந்தப் பிழைக்கு மறுபடி உயிர் கொடுப்பார். இப்படியே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அலாரம் இரண்டு தடவை ஊமையாகிவிட்டது. ஒரு நர்ஸம்மா கண்ணில் பட்டதால் ரத்தம் தப்பியது.

அங்கே ரத்த வங்கியைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மா போனில் கொதித்தார். “நான் நேர்ல வர்றேன். என் கண்ணு முன்னால சரியாச் செஞ்சு காட்டுங்க. இல்லேன்னா உங்க சங்காத்தமே வேண்டாம்!”

அந்த ஆஸ்பத்திரி போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். நாத்தனார் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் மேகக் கணினியில் இடம் பிடித்து, கம்பெனிக்கென்று தனியாக ஒரு பேக்கேஜ் ரெஜிஸ்ட்ரி அமைத்தாள். பயந்துவிடாதீர்கள், நிரலைப் பொட்டலம் கட்டி அடுக்கி வைக்கிற கிடங்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் எண். வைத்த பொட்டலத்தை யாரும் பிரித்து மாற்ற முடியாது. திருத்தினால் புது எண்ணில் புதுப் பொட்டலம். எல்லாரும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் சாவி இருந்தால்தான். சாவியும் இரண்டு விதம்.

“எதுக்கும்மா ரெண்டு சாவி?” என்றாள் அண்ணி.

“வைக்கிற சாவி என்கிட்ட மட்டும். எடுக்கிற சாவி மத்தவங்களுக்கும், பொட்டலத்த எடுத்துக் கட்டுற மெஷினுக்கும். உங்க பீரோ சாவிய வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் குடுப்பீங்களா அண்ணி?”

“உங்க அண்ணனுக்கே குடுக்கிறதில்ல!”

அண்ணிக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. எண்ணை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும், தாவினால் அது பீற்றல் என்பாள். அதனால் இத்தனை வருஷத்தில் ‘குளிர்’ ஒன்று புள்ளி ஏழைத் தாண்டவில்லை.

டாக்டரம்மா வந்தார். மேஜைமேல் ஒரு குளிர்பெட்டி. பக்கத்தில், பொட்டலங்களை எடுத்து மென்பொருளாகக் கட்டித் தரும் கணினி. அதன் முன்னால் கம்பெனி ஊழியர் ‘அவசரம்’. டீயை ஊற்றுவதற்கு முன்பே கிளாசை வாயில் வைக்கிற மனுஷர் என்பதால் அப்படி ஒரு பெயர். அவர் பொத்தானைத் தட்டினார். திரையில் வரிகள் சரசரவென ஓடின. நாத்தனாரின் கண் ஒரு வரியில் குத்திட்டு நின்றது.

“நிறுத்துங்க!” பாய்ந்துபோய் இணைய வயரைப் பிடுங்கினாள். “அண்ணி, நம்ம குளிர் எத்தனையாவது எண்?”

“ஒண்ணு புள்ளி ஏழு.”

“இங்க வந்திருக்கிறது தொண்ணூத்தொம்பது.”

“அய்யய்யோ! அவ்வளவு பீத்தல் நம்ம வீட்டுல யாருக்கு?”

அவசரத்தின் முகம் வெளிறிவிட்டது. “ஊருக்கெல்லாம் பொதுவான கிடங்கு ஒண்ணு இருக்குல்ல... அங்க ஒரு பொட்டலம் வேணும்னு, ரெண்டு இடத்துலயும் தேடச் சொல்லி காலையில மாத்தினேன். அப்புறம், போன வாரம் ஒரு சந்தேகம் கேக்க நம்ம செட்டிங்ஸ அப்படியே பொதுத்தளத்துல போட்டேன். குளிர்ங்கிற பேரும் அதுல இருந்துச்சு.”

எல்லாம் விளங்கிவிட்டது. எவனோ பெயரைப் பார்த்து, அதே பெயரில் ஒரு களவாணிப் பொட்டலத்தைப் பொதுக் கிடங்கில் வைத்திருக்கிறான். இரண்டு இடத்திலும் தேடிய கணினி, பெரிய எண்தான் புதியது என்று நம்பி அதைத் தூக்கி வந்துவிட்டது!

டாக்டரம்மா பையைத் தோளில் மாட்டினார். இணையம் சரியில்லை என்று மழுப்பிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. நாத்தனார் அதை விழுங்கினாள்.

“உக்காருங்க டாக்டரம்மா. எங்க வீட்டுக்குள்ள திருடன் கால வெச்சுட்டான். எப்படித் துரத்துறோம்னு இருந்து பாருங்க.”

“எங்க பெட்டி வரைக்கும் போயிட்டானா?”

“இல்ல, இந்த மெஷினோட சரி. ஏதாவது திருடு போயிருந்தா எடுக்கிற சாவிதான் போயிருக்கும். அத வெச்சு அவனால நம்ம கிடங்குல எதையும் வைக்க முடியாது.”

டாக்டரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்த அறை பறந்தது, போங்கள்! தன் மடிக்கணினியிலிருந்தே நாத்தனார் பழைய சாவியைச் செல்லாததாக்கிப் புதிது வெட்டினாள். திருடன் மிதித்த கணினியை ஓரங்கட்டிவிட்டு, மேகத்தில் துப்புரவாக வேறொன்றைக் கிளப்பினாள் அண்ணி. அவசரம், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்துவிட்டுத் தட்டினார்: நம் பெயருள்ள பொட்டலம் நம் கிடங்கிலிருந்து மட்டுமே வரும், வெளிப் பொட்டலம் எதுவானாலும் நாம் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகே நம் கிடங்கு வழியாக வரும்.

“அந்தத் தொண்ணூத்தொம்பது இன்னும் வெளியில இருக்கே?” என்றார் டாக்டரம்மா.

“இருக்கட்டும். அது இருக்கும்போதே பாத்துடலாம்.”

பொத்தான் தட்டியாயிற்று. வரிகள் ஓடின. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

குளிர், ஒன்று புள்ளி ஏழு!

கட்டிய மென்பொருளைக் குளிர்பெட்டியில் ஏற்றினார்கள். டாக்டரம்மா யாரையும் கேட்கவில்லை. எழுந்து வந்து, ஆவி பறக்கும் வெந்நீர்க் கிளாசைப் பெட்டிக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வீல் என்று ஓர் அலறல்! ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

“ரெண்டு தடவ ஊமையா இருந்ததுக்கும் சேத்துக் கத்துது,” என்று காதைப் பொத்திக்கொண்டே சிரித்துவிட்டார் டாக்டரம்மா. “மத்த கம்பெனிக்காரங்க எல்லாம் திருடனே வரமாட்டான்னு சத்தியம் பண்றாங்க. நீங்கதான் பிடிச்சுக் காட்டினீங்க. நாளைக்கே வந்து எங்க பெட்டி எல்லாத்துலயும் போட்டுடுங்க. இந்த அவசரக்கார சாரை மட்டும் தனியா அனுப்பிடாதீங்க!”

அண்ணி நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். அவசரம் இரண்டு பேரையும் பார்த்துக் கைதட்டினார்.

உங்கள் வீட்டுக்கும் நல்லவர்களே வரட்டும் கண்ணுகளா. உள்ளே இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் நம்பி, நிம்மதியாக உண்டு, அயர்ந்து தூங்கி, பிள்ளை குட்டிகளோடு நூறாண்டு நன்றாக இருங்கள்.