அடிக்குறிப்பு நாற்பத்தொன்று

வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் வெளித்தேர்வாளர் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். அடிக்குறிப்பு நாற்பத்தொன்றில் காட்டியிருக்கும் கோப்பின் நகல் வேண்டும்.

அந்தக் கோப்பை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆலை வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, நான்கு பேர் செத்தார்கள் என்பதுதான் என் ஆய்வேட்டின் முதுகெலும்பு. அதை என் கைடு மேடம் இருபது வருடத்துக்கு முன் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தேன். எடுத்தது தப்பில்லை. புத்தகத்தைச் சொல்லாமல், பக்கத்தின் அடியில் இருந்த கோப்பு எண்ணை மட்டும் உருவி, நானே காப்பகத்தில் உட்கார்ந்து படித்த மாதிரி போட்டுக்கொண்டேன். சுத்தமான ஈயடிச்சான் காப்பி. எங்கள் துறையில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறோம். கோப்பு எண் போட்டால் ஒரு கெத்து. பிடிபட்டால் பட்டம் கிடையாது. போன வருடம் ஒரு சீனியரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை, காப்பகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். கோப்பு எடுத்துத் தரும் அண்ணன் ஏணி போட்டு ஏறி, தும்மிக்கொண்டே இறங்கினார். அட்டையின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. படிப்பவர்கள் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டிய தாள். அதில் ஒரு பெயரும் இல்லை.

"அண்ணா, பழைய தாள் கிழிஞ்சு போயிருக்குமோ?"

"இதுதாம்மா முதல் தாள். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் என் கையால ஒட்டினது, நாப்பது வருஷம் ஆகப்போகுது. இத யாரும் கேட்டதே இல்ல."

கையெழுத்துப் போட்டுவிட்டுத் திறந்தேன். அரசுக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பது பற்றி அறுபது பக்கக் கடிதங்கள். மூன்று முறை புரட்டினேன். ஆலையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

வெளியே வந்து மேடத்துக்கு போன் செய்தேன். கோப்பில் குதிரை லாடம்தான் இருக்கிறது என்றேன்.

"நீ ஏன் அதப் போய்ப் பாத்த?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் குரலில் இருந்தது பயம்.

"கையெழுத்து போட்டியா?"

"போட்டுட்டேன் மேடம்."

"கோப்பு கெடைக்கலன்னு சொல்லிடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

எப்படிச் சொல்வது? முதல் தாளில், முதல் வரியில், தேதியோடு நானே இருக்கிறேன்.

தேர்வன்று வெளித்தேர்வாளர் மேசைக்கு அந்தப் பக்கம், அவர் அருகில் மேடம். வெளித்தேர்வாளர் வயதானவர், மெதுவாகப் பேசினார்.

"நகல் எங்கம்மா?"

"நான் அத பாக்காமதான் எழுதினேன் சார். நேத்துதான் பாத்தேன். அதுல குதிரை லாடம்தான் இருக்கு."

"அப்ப எண்ண எங்கேர்ந்து எடுத்த?"

மேடம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

"மேடம் புத்தகத்துலேர்ந்து."

அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"உங்க கட்டுரையிலேர்ந்து, சார்," என்றார் மேடம்.

அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கட்டுரை அனுப்ப ஒரு நாள்தான் இருந்துது. நாலு பேர்னு யாரோ சொன்னாங்க, எண்ணும் அவங்களே சொன்னாங்க. அப்புறம் போய்ப் பாக்க பயம். முப்பத்தஞ்சு வருஷமா அத எடுத்துப் போடாத புத்தகம் இல்ல. ஒருத்தராவது கோப்ப பாத்திருப்பாங்கன்னு நம்பிட்டிருந்தேன். அதான் உன்கிட்ட நகல் கேட்டேன்."

எனக்குப் பட்டம் தரலாமா என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய முடிவுத் தாளை மேடத்தின் பக்கம் தள்ளினார். மேடம் அதைத் திரும்ப அவரிடமே நகர்த்தினார். பேனா நடுவில் கிடந்தது. எழுந்து போகலாமா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.