உலைக்குள் அட்டைப்பெட்டிகள்

விசிறி போடக் கூடாது. அலுமினியம் பற்றவைக்கிற கூண்டுக்குள் அதுதான் முதல் சட்டம். காற்று வீசினால் வெல்டிங் குழலிலிருந்து வரும் ஆர்கான் வாயு கலைந்துவிடும், வெல்டு கறுத்துப் பொங்கிவிடும். அதனால் பொழுது இன்னும் நன்றாக விடியாத அந்தக் கத்திரிக் காலையிலேயே மாரிராஜ் தலைக்கவசத்துக்குள் வெந்துகொண்டிருந்தான். மூக்கை அரிக்கும் நெடி. கழுத்தில் இறங்கிய வியர்வை பனியனை நனைத்து இடுப்பில் உப்பாகக் காய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் கக்கிய டீசல் புகை ஜன்னல் வழியே உள்ளே வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

ஒரகடத்தில் கார் செய்கிற பெரிய கம்பெனிகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் சைக்கிள் பிரேம் தொழிற்சாலை அது. ஒரு பிரேமை முடித்ததும் பெடல் பூட்டுகிற குழாய்க்கு அடியில் வெல்டர் தன் எழுத்தைப் பஞ்ச் என்கிற இரும்பு அச்சால் அடிக்க வேண்டும். மாரிராஜின் எழுத்து ஆங்கில ஆர். தப்பு செய்தவனைப் பிடிக்க வெளிநாட்டு வாடிக்கையாளர் கொண்டுவந்த ஏற்பாடு. எழுத்து இல்லாத பிரேமை அந்த வாடிக்கையாளர் கையால் தொட மாட்டார். வெல்டர் பையன்களோ அதைத் தங்கள் கௌரவமாக எடுத்துக்கொண்டார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் கல் பொறுக்கிய கை இன்று எந்த நாட்டிலோ ஓடுகிற சைக்கிளில் எழுத்து போடுகிறது என்றால் சும்மாவா?

வெல்டு போட்டதோடு அலுமினியத்தின் கதை முடிந்துவிடாது. அந்தச் சூட்டில் வெல்டுக்கு இரண்டு பக்கமும் குழாய் தன் உரத்தை இழந்து சவசவத்துப் போகும். மறுபடியும் உலையில் வேகவைத்து, தண்ணீரில் முக்கி, இளஞ்சூட்டில் கிடத்தி எடுத்தால்தான் இழந்தது திரும்பி வரும். போன புரட்டாசியில் மின்வெட்டு தலைவிரித்தாடியபோது, உலை டீசலாகக் குடிக்கிறது என்று முதலாளி கேசவ் அதை நிறுத்தச் சொன்னார். உலையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைப்பாக்கம் கோதண்டத்தைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். உலை நின்றது. உலையில் வெந்தது என்று சொல்லும் பளபளப்பான ஸ்டிக்கர் மட்டும் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஒவ்வொரு பிரேமிலும் ஏறிக்கொண்டிருந்தது. யாருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்தத் தீபாவளிக்குப் போனஸ் கிடையாது, ஆளுக்கொரு சைக்கிள் என்றார் கேசவ். நம்ம வண்டியை நம்ம ஆட்களே ஓட்டணும் என்று மைக்கில் உருகினார். இரும்பா, அலுமினியமா, அவரவர் விருப்பம். அன்றைக்குப் பேக்கிங் கூடத்தில் நடந்த வாக்குவாதம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வீட்டில்கூட நடக்காது. எது அதிக நாள் உழைக்கும்? மாரிராஜோடு படப்பையில் ஒரே அறையில் தங்கியிருக்கும் நயினார் ராக்கை முழுக்கக் குடைந்து, ஆர் அடித்த அலுமினிய பிரேம் ஒன்றை இழுத்தான்.

"துருவும் பிடிக்காது, வெயிட்டும் கிடையாது. அதுக்கு மேல நீ வச்ச வெல்டு. என் பேரன் ஓட்டுவாம்ல," என்றான். அவனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.

கோதண்டம் மட்டும் கனமான இரும்பு வண்டியை உருட்டிக்கொண்டு போனார். மாட்டுக்குத் தீவனம் கட்டி எடுத்துப்போகிறவர். இரும்பு நைந்தால் முதலில் வளைந்து காட்டும், பிளந்தாலும் எந்தப் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம், அலுமினியத்தை யார் ஒட்டுவான் என்று கேட்டார். எருமை மேல் ஏறி எமன் போகிறான் என்று பையன்கள் சிரித்தார்கள். தான் பற்றவைத்தது தன்னை விட்டுவிடாது என்று ஒவ்வொருவனும் தன் எழுத்தைத் தேடித் தேடி எடுத்தான். உலை காணாத பிரேம் என்பது அவர்கள் கணக்கில் வெளியே போகிற சரக்கின் சங்கதி. தங்கள் வண்டியும் அதே ராக்கிலிருந்துதான் வருகிறது என்று அந்தப் பையன்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. அடுத்த மாதமே கம்பெனி பஸ்ஸை நிறுத்தினார்கள். சைக்கிள் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

அந்தக் கத்திரிக் காலையில், எட்டு மணி ஷிப்டு ஆட்கள் வருகிற நேரத்தில், ஸ்டிக்கர் மேசை பூமாரி கூண்டு வாசலில் வந்து நின்றாள். நயினாரின் தங்கச்சி. மாத்தூரில் பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாள். முகம் வெளிறியிருந்தது.

"மாரிண்ணே, அண்ணன் விழுந்துட்டு. வண்டி ரெண்டா போயிட்டு."

ஒரகடம் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பிரேம் முறிந்திருக்கிறது. முகம் தரையில் மோதித் தாடை உடைந்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் போட்டதால் உயிர் இருக்கிறது. சொல்லச் சொல்லப் பூமாரியின் குரல் நடுங்கவில்லை, கெட்டிப்பட்டது. விஷயம் தெரிந்து கம்பெனி வேன் போயிருக்கிறது. சூப்பர்வைசர் இறங்கி, முறிந்த பிரேமின் இரண்டு துண்டையும் பொறுக்கி வேனில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டான். ரத்தத்தில் கிடந்த மனுஷனை ஷேர் ஆட்டோக்காரர்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாராம்.

மாரிராஜ் கையிலிருந்த குழலைக் கீழே வைத்தான்.

பூமாரியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அவன் திரும்பியபோது கேசவ் வந்திருந்தார். சூப்பர்வைசர் மேசை மேல் முறிந்த பிரேம் கிடந்தது. அதைப் புரட்டிப் பார்த்த விரலில் ரத்தம் பட்டுவிட்டதென்று ஈரத் தாளை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தாளை முகர்ந்தும் பார்த்துக்கொண்டார்.

"ஆர் யாரு?"

"நான்தான் சார்."

"உன் வெல்டு விட்டுடுச்சு."

மாரிராஜ் குனிந்து பார்த்தான். ஹேண்டில்பார் இறங்கும் முன்குழாயை ஒட்டி அவன் வைத்த வெல்டு அடுக்கடுக்காக, ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளிக் குழாய்தான் முறிந்திருந்தது.

"வெல்டு விடல சார். பக்கத்துல குழாய் முறிஞ்சிருக்கு. பர்னஸ்ல வேகாத குழாய்."

"பர்னஸ் பத்தி உன்னை யாரும் கேக்கல."

பிறகு கேசவ் குரலை இறக்கினார். அந்தக் கனிவுதான் சகிக்கவில்லை. "இங்க பாரு மாரி. உன் கவனக்குறைவுதான்னு ஒத்துக்கோ. நயினார் ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் கம்பெனி பார்த்துக்கும். நீ ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வா. அடம் பிடிச்சேன்னா, அவன்தான் லாரிக்குக் குறுக்க போனான்னு சொல்லிடுவோம், பைசா கிடையாது, அவ்வளவுதான். சாயங்காலம் கன்டெய்னர் கிளம்பணும். அதுக்குள்ள சொல்லு."

"கன்டெய்னர்ல போறது சின்னப் பிள்ளைங்க சைக்கிளு. அதுவும் பர்னஸ் பாக்காததுதான சார்?"

"சின்னப் பசங்கதானே? மூட்டையா ஏத்திக்கிட்டுப் போகப் போறாங்க?"

சொல்லிவிட்டு அவர் அந்தத் தாளை பிரேம் மேலேயே போட்டுவிட்டுப் போனார். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது.

மாரிராஜ் கூண்டுக்குத் திரும்பினான். குழலை எடுக்கவில்லை. ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் நண்பனின் தாடை ஒட்டிவிடும். ஊரில் அவன் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடலாம். எழுத்தும் தன் எழுத்துதானே, பழியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசு ஒரு பக்கம் சரிந்தது. ஆனால் அப்படிச் சொன்ன அடுத்த நிமிஷம் குற்றம் தன் கைக்கு வந்துவிடும். உலை குளிர்ந்தே கிடக்கும். கன்டெய்னர் போய்க்கொண்டே இருக்கும். எந்த ஊரிலோ ஒரு குழந்தை பள்ளத்தில் இறங்கி ஏறும்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பூமாரி திரும்பி வந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, ஹாஸ்டல் தோழி இசக்கிசெல்வி கூட இருக்கிறாள், உயிருக்குப் பயமில்லை, தாடைக்கு ஆபரேஷன் ஆக வேண்டும் என்றாள். துப்பட்டாவில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. கேன்டீனில் சோற்றுத் தட்டுகள் அப்படியே இருந்தன. கேசவ் சொன்னதை மாரிராஜ் எல்லோருக்கும் சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். முடிவு அவளுடையது என்று நினைத்தான்.

பூமாரி கட்டை விரலை நீட்டினாள். ஸ்டிக்கர் பசை நகக்கண்ணில் அழுக்காக ஏறியிருந்தது.

"அந்த வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுனது நான். அண்ணன் வண்டியாச்சேன்னு, கோணலா இருக்கக் கூடாதுன்னு உரிச்சிட்டு ரெண்டாவது தடவ நேரா ஒட்டுனேன். வேகாத குழாய்க்கு வெந்துச்சுன்னு ஒட்டுனேன். எனக்கு இந்தக் கையப் பாத்தா அருவருப்பா இருக்கு." சற்று நிறுத்தினாள். "நீங்க தப்ப ஒத்துக்கிட்டீங்கன்னா, வாய்க்கட்டு பிரிஞ்சதும் அண்ணன் மொதல்ல உங்க மூஞ்சியிலதான் துப்பும்."

கோதண்டம் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் மட்டும் இன்னா யோக்கியமா? பர்னஸ் ஆளுன்னு பேரு. அது அணைஞ்சி கெடக்குதுன்னு தெரிஞ்சேதான் தெனம் பொட்டியில வச்சி டேப் ஒட்டிகினு கீறேன். எனக்கு மட்டும் இரும்பு வண்டி எடுத்துக்கினேன். உங்க வண்டியும் வேகாததுன்னு உங்களாண்ட வாயத் தொறந்தேனா?"

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்ட எவனுக்கும் தகுதி இல்லை. அவரவர் அருவருப்பை அவரவர் மென்று விழுங்கினார்கள். பிறகு பேச்சு ஆரம்பித்தது. ஒருவன் லேபர் ஆபீசுக்குப் போகலாம் என்றான். ஒருவன் வேலை போய்விடும், ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது என்று பயந்தான். அவன் பயமும் நியாயம்தான் என்றாள் பூமாரி. மாரிராஜ் சட்டைப் பையிலிருந்து தன் பஞ்ச்சை எடுத்து மேசை மேல் வைத்தான். விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, அவ்வளவுதான். இது விழாமல் ஒரு பிரேம் கப்பல் ஏறாது என்றான். நம்மைப் பிடிப்பதற்குக் கொண்டுவந்தது, இதை நாம் கையில் பிடித்துக்கொண்டால் என்ன?

தங்கச்சி கல்யாணத்தை நினைத்துப் பயந்தவன்தான் இரண்டாவதாகத் தன் பஞ்ச்சோடு எழுந்தான்.

மணி அடித்ததும் வெல்டர்கள் கூண்டுக்குப் போகவில்லை. வரிசையாக ஸ்டிக்கர் மேசைக்கு வந்து பூமாரியின் பசைத் தட்டில் பஞ்ச்சுகளைப் போட்டார்கள். கேசவ் படியிறங்கி ஓடிவந்தார். மாரிராஜ்தான் பேசினான். நயினார் வைத்தியம் கம்பெனி பொறுப்பு, யாரும் எதையும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. உலை எரிய வேண்டும். கன்டெய்னரில் இருக்கிற பிரேம் இறங்க வேண்டும். அதுவரை ஒருவரும் எழுத்து அடிப்பதாக இல்லை.

"நாளைக்கே ஒரு பஸ் நிறைய ஆளைக் கொண்டு வந்து இறக்குவேன். தெரியுமா?"

"எந்த பஸ்ஸு சார்?" என்றார் கோதண்டம். "அத்ததான் நிறுத்திட்டியே."

சிரிப்பு ஒன்று கூடத்தில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஓடியது. கேசவ் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போலீசா, வக்கீலா, புது ஆள் பிடிக்கிற ஏஜென்ட்டா, யாருக்குத் தெரியும்?

கோதண்டம் நேரே உலைக்குப் போய்க் கதவைத் திறந்தார். உள்ளே அட்டைப்பெட்டிகளை அடைத்து வைத்திருந்தார்கள். நடுவில் எலி ஒன்று செத்து உப்பிக் கிடந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. நூற்றுக்கணக்கான பிரேம்களின் உரம் வேக வேண்டிய இடம், தூ! முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். எலியை முறத்தில் அள்ளியவன், இதை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், புதை என்றார் கோதண்டம். பூமாரி ராக்கில் நின்ற பிரேம்களில் ஸ்டிக்கரை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

உலை சுத்தமாயிற்று. எரியவில்லை. எரிய விடுவார்களா என்றும் தெரியாது. கேட்டுக்கு வெளியே கன்டெய்னர் லாரி எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. பேக்கிங் பெண்கள் இருவர் உயரமான விசிறி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வெல்டிங் கூண்டுகளுக்கு நடுவில் நிறுத்தினார்கள். இன்றைக்கு வெல்டு இல்லையே, கலைவதற்கு என்ன இருக்கிறது? மாரிராஜ் கூண்டில் மாட்டியிருந்த தலைக்கவசத்தை எடுத்துத் தரையில் வைத்தான். சுவிட்சைப் போட்டான். அத்தனை பேரும் அந்தக் காற்றில் நெருங்கி உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரியில் நயினாருக்குத் துணையாக யார் யார் எந்த நேரத்துக்கு முறைவைத்துப் போவது என்று பேச ஆரம்பித்தார்கள்.