பஸ் பொறுப்பு

கல்லூரி வாலிபால் கோச் வேலையிலிருந்து அவளை நீக்கிய கையோடு முதல்வர் இன்னொரு வேலையையும் நீட்டினார்.

"நம்ம பஸ்களைப் பார்த்துக்க ஆளில்லை மேடம். சம்பளம் அதேதான். யோசிச்சுச் சொல்லுங்க."

போ என்கிறாரா, இரு என்கிறாரா என்று புரியாமலேயே அவள் வெளியே வந்தாள். இரண்டு வருடமாகத் தொடர் தோல்வி. போதாததற்கு, ஓயாமல் கத்துகிறார் என்று அவளுடைய அணிப் பெண்களே முதல்வரிடம் போய்ச் சொல்லியிருந்தார்கள்.

கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னான். "இருந்துடு. பொண்ணு படிப்பு முடியற வரைக்குமாவது." வெங்காயம் வதங்குவதற்குள் மனசு மாறிவிட்டது. "ஆனா தினமும் அந்த கிரவுண்டைத் தாண்டித்தானே போகணும்? வேண்டாம், விட்டுடு."

தம்பி போனில் குதித்தான். "சூடு சொரணை இருந்தா இனி அங்க காலை வைப்பியாக்கா?" மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டு, "வேலையில்லாம நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? அவசரப்படாதே" என்றான்.

"நீயும் உன் மாமாவும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கடா. நான் கேட்டுக்கறேன்" என்று போனை வைத்தாள்.

விளையாட்டு அறையில் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது அணித் தலைவி வந்து கதவோரம் நின்றாள்.

"போயிடாதீங்க மேடம்."

"நீங்கதானே என்னை மாத்தச் சொன்னீங்க?"

"மாத்தத்தான் சொன்னோம். அனுப்பச் சொல்லலையே."

கிண்டலோ என்று நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது.

"நான் கத்தினது?"

"அது தாங்க முடியலை மேடம். ஆனா..." என்றவள், அதற்கு மேல் சொல்லத் தெரியாமல் போய்விட்டாள்.

வேறு வேலை கிடைக்கும்வரை என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு அவள் பஸ் பொறுப்பை ஏற்றாள். டீசல், டயர், டிரைவர்களின் லீவு என்று நாட்கள் ஓடின. ஒருநாள் அணிக்கு வெளியூரில் போட்டி. பஸ்ஸை ஏற்பாடு செய்தவளை, "நீங்களும் வாங்களேன் மேடம்" என்று கூப்பிட்டான் புதுக் கோச். முன் சீட்டை அவளுக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தான். அது மரியாதையா, இரக்கமா?

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசி செட்டில் வலைக்கு இடப்பக்கம் ஆளே இல்லை. எதிரணி அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது. வாய்வரை வந்த கத்தலை விழுங்கினாள். அணித் தலைவி ஒரு நொடி அவளை அண்ணாந்து பார்த்தாள். இவள் சட்டென்று போனுக்குள் குனிந்துகொண்டாள்.

தோற்றார்கள். நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. அடுத்த நிமிடமே தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

திரும்பும் வழியில் பெண்கள் பாடினார்கள், சிரித்தார்கள். அவள் காலத்தில் தோற்ற பஸ்ஸில் ஒருத்தி வாய் திறந்ததில்லை. இது உருப்படுவதற்கா, கெடுவதற்கா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு பெண் பின்னாலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் கணவன் கேட்டான். "என்ன, அங்கேயே இருக்கறதா முடிவு பண்ணிட்டியா?"

"நாளைக்கு ஒரு பஸ்ஸுக்கு பிரேக் பார்க்கணும்" என்றாள். "அதை முடிச்சுட்டு யோசிக்கறேன்."