மூன்று மல்லாட்டைக் கேடயம்

1
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை திருடியது. திண்டிவனத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் காத்திருந்தபோது, அங்கே டிசைன் செய்யும் பிரின்சியின் கணினியில் ஒரு கேடயத்தை எட்டிப் பார்த்தேன்.

"பின்லாந்து சார். அங்க ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சின்னம் இருக்குது."

2
அந்தச் சின்னங்கள் சிக்கனமானவை. எழுத்து கிடையாது. ஓரிரு நிறம், ஓர் உருவம்: தூண்டில் முள்ளோ கோடரியோ. நிறத்தின்மேல் பொன் அல்லது வெள்ளி வரவேண்டும், தூரத்திலிருந்தும் தெரிவதற்காக.

வானூர்ப் பக்கம் இருக்கும் பிரின்சியின் ஊராட்சி, ஊர் நுழைவு வளைவுக்குச் சின்னம் கேட்டது. அவள் அந்த விதிப்படியே வரைந்தாள்: சிவப்புக் கேடயம், பொன்னிற மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூன்று.

அன்று அவள் மனம் மகிழ்ச்சியில்... (வேண்டாம். பிரின்சி அப்படி எளிதில் மகிழ்கிறவள் இல்லை.)

3
கூட்டத்தில் படத்தை முதலில் வாங்கிப் பார்த்தவர் வார்டு உறுப்பினர் சீனுவாசன்.

"செவப்பும் மஞ்சளும் எந்தக் கட்சிம்மா?"

"கட்சி இல்லீங்க. நம்ம செம்மண்ணு."

"நீலம் போடேன்."

"நீலம்னா எந்தத் தெருன்னு கேப்பான்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். பச்சையும் கறுப்பும் அப்படியே விழுந்தன. ஆளில்லாத நிறம் ஒன்றுகூட அந்த ஊரில் இல்லை.

சீனுவாசன் விடவில்லை. "ஏன் மூணு? பிதா, சுதன்னு சொல்லிக்கினு இருப்பீங்களே, அந்த மூணா?"

கேடயம் கீழே குறுகுவதால் மேலே இரண்டு, கீழே ஒன்று. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வரையும்போது அந்த நினைப்பு வரவேயில்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஒண்ணை எடுத்துடும்மா, பேஜாரு இல்லாம போவும்," என்றார் ஊராட்சித் தலைவர் தையல்நாயகி.

"எடுக்கமாட்டேங்க. ரெண்டு போட்டா எந்த ரெண்டு குடும்பம்னு கேப்பீங்க."

சிலர் சிரித்தார்கள். சீனுவாசன் சிரிக்கவில்லை. பிரின்சி அவர் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினாள். வளைவில் கொத்தனார் ஏற்கெனவே பூசிவைத்த சிமெண்டுக் கேடயம் இன்றும் வெறுமையாக நிற்கிறது.

4
முடிவு ஒன்று: தையல்நாயகி மனம் மாறி அவளைக் கூப்பிட்டனுப்புகிறார். (எழுதினேன், எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: விழுப்புரத்தில் வேறொருவர் அதே படத்தை—

உண்மையில் நடந்தது இது. கதை முடியவில்லையே என்று மறுபடி கடைக்குப் போனேன். "என்கிட்ட மட்டும் சொல்லும்மா. அந்த மூணு எதுக்கு?"

பிரின்சி திரையை அணைத்தாள்.

"சீனுவாசன் அனுப்பிச்சாரா, சார்?"

இல்லை என்றேன். அவள் நம்பியிருப்பாளா? நீங்களே சொல்லுங்கள். நான் யார், எந்தத் தெரு என்று இதற்குள் நீங்களும் கணக்குப் போட்டிருப்பீர்கள்.