கால் ஆறிவிட்டதைச் சொல்லாத கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு லாரிப் படியில் கிடைத்தது. எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் சீல் சரிபார்க்கும் வேலை. என் மனைவி பெர்சிஸ் காய்ச்சலில் இறந்து, விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பிய வாரம். படியிலிருந்து குதித்தேன். பின்னாலிருந்து யாரோ குதிகாலில் உதைத்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

வேறு தொடக்கங்களும் எழுதினேன்.

'காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள்—'

'ஒற்றைக் காலில் நிற்கும் மனிதனுக்கு உலகம்—'

முதலாவதில் ஐஸ் மட்டும்தான் உண்மை. இரண்டாவது தத்துவம். விட்டுவிட்டேன்.

2

குதிகால் தசைநார் அறுந்திருந்தது. தைத்தார்கள். பிறகு முழங்கால் வரை ஒரு பூட்ஸ். அதற்குள் குதிகாலுக்கு அடியில் ஆப்பு போன்ற துண்டுகள். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, பாதம் தரைக்கு இறங்கும்.

பெர்சிஸின் அம்மா அடக்கத்துக்காக நாசரேத்திலிருந்து வந்திருந்தார். ஊருக்குக் கிளம்ப இருந்தவர், என் காலைப் பார்த்துப் பையை இறக்கி வைத்தார். மகள் இல்லாத வீட்டில் மாமியார் தங்க ஒரு காரணம் வேண்டும். என் கால் காரணமானது.

(அவருக்கு இங்கே தேவப்பிரியம் என்று பெயர். நான் வைத்தது. உண்மைப் பெயரை எழுதினால், அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பது போலிருக்கிறது.)

(பெர்சிஸைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினேன். ரொம்ப நல்லவளாக வந்துவிட்டாள். அடித்துவிட்டேன்.)

3

தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி. பயிற்சி கொடுக்கும் முதஸ்ஸிருக்கு என் வயதுதான் இருக்கும்.

"ஒத்தக் கால்ல எம்பு, ஜெரின்."

"முடியல."

"நரம்பு கெட்டியா ஒட்டிகினு கீது. இன்னும் இன்னா? பஸ்ல குந்த எடம் கெடைக்குதுன்னு நொண்டிகினு கீறியா மாமு?"

பெஞ்சிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "அவிய மெள்ள வருவாவ. வெரட்டாதிய தம்பி."

"இன்னாம்மா நீ, இப்டி செல்லம் குடுத்தா எப்டி? பேசாம ரெண்டு பேரும் இங்கயே குடி வந்துருங்க."

அத்தை சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வீட்டில் கிரைண்டர் ஓடும்போது, சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் எம்பிப் பார்த்திருக்கிறேன். முடிகிறது. சொல்லவில்லை.

(இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. துக்கத்தில் இருப்பவன் இவ்வளவு கெட்டிக்காரனாக இருப்பானா? இருக்கிறான்.)

4

தினமும் சாயங்காலம் ஜெபம். அத்தை முழங்காலில் நிற்பார். முழங்காலிட்டால் பாதம் மடங்க வேண்டும் என்பதால் எனக்கு நாற்காலி.

அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பவர். மகன் அஜின், மருமகள், பேரப்பிள்ளைகள், பெர்சிஸ், கடைசியில் நான். எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அதனால் இப்போது பேரப்பிள்ளைகள் முடிந்ததும் ஒரு மூச்சு இழுத்து விடுவார். பிறகு என்னிடம் வந்துவிடுவார். அந்த மூச்சைக் கேட்கத்தான் நான் ஜெபத்தில் உட்கார்ந்தேன்.

நேற்று அந்த மூச்சு வரவில்லை.

"பெர்சிஸு மீஞ்சூர் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போற ரயில்லயும் வார ரயில்லயும் நீரே கூட இரும் அப்பா. வெயில்ல அலையுதா. நேரத்துக்குச் சாப்பிட மாட்டா—"

ஜெபத்தை நிறுத்தினார். கண்ணைத் திறக்கவில்லை. தோள் மட்டும் ஆடியது.

நான் எப்போது நாற்காலியிலிருந்து இறங்கினேன் என்று தெரியவில்லை. (கதைகளில் வழக்கமாக வரும் வாக்கியம் இது. ஆனாலும் தெரியவில்லை.) அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். பாதம் பின்னால் முழுதாக மடங்கியிருந்தது.

அத்தை கண்ணைத் திறந்தார். முதலில் என் பாதத்தைத்தான் பார்த்தார்.

"முட்டி போட்டுட்டியளே மாப்ளே."

"ஆமாத்தே."

"வலிக்கா?"

5

ஒரு முடிவு: "இல்லை" என்கிறேன். அவர் பையைத் தேடுகிறார். எழும்பூரில் ரயிலேற்றிவிட்டு நொண்டாமல் வீடு திரும்புகிறேன். அதன் பிறகு, பெர்சிஸ் நேரத்துக்குச் சாப்பிட மாட்டாள் என்று பேச ராயபுரம் வீட்டில் ஆளில்லை.

இன்னொன்று: "வலிக்குது" என்கிறேன். அவர் நம்புவது போல் முகத்தை வைத்துக்கொள்கிறார். அம்மாவை ஊருக்கு அனுப்பச் சொல்லி அஜின் போனில் கத்துகிறான். நாங்கள் இரண்டு பேரும்—

இதை முடிக்க முடியவில்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். வலியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

"நிறுத்தாதீங்கத்தே. ஜெபிங்க."

"தப்புல்லா மாப்ளே."

"பரவால்ல. ஜெபிங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "டிபன் பாக்ஸ அப்படியே திருப்பிக் கொண்டாந்துருவா அப்பா. கேட்டா கோவம் வேற வரும். தலைய ஒழுங்காத் துவட்ட மாட்டா. சளி பிடிச்சிக்கிடும்…" ஜன்னலுக்கு வெளியே துறைமுக லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. அவர் நிறுத்தவில்லை. நானும் எழவில்லை.

எங்கள் வழக்கத்தில் ஒருவர் ஜெபிப்பார். மற்றவர்கள் ஆமென் சொன்னால்தான் ஜெபம் முடியும். நேற்று வீட்டில் மற்றவர்கள் என்றால் நான் மட்டும்தான். நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் அப்படியே எழுந்துபோய் தோசை ஊற்றினார்.

அந்த ஜெபம் இன்னும் முடியவில்லை. படித்து முடித்ததும் பழக்கத்தில் நீங்களும் ஆமென் சொல்லிவிடாதீர்கள்.