பத்து நாற்பத்தேழுக்கு வந்த வரி

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வரியை யார் மூலம் வாங்குவது என்பதில் எனக்கும் நிலுக்ஷிக்கும் போட்டி. நான் ஒரு வங்கியின் பணம் அனுப்பும் செயலிக்கு ஆள் சேர்க்கும் ஒப்பந்த ஊழியன். அவள் பதுளையில் நாலு பேர் சேர்ந்து தொடங்கிய சிறு கம்பனி ஒன்றின் செயலிக்கு ஆள் சேர்ப்பவள். இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள்தான். ஆனால் என்னைக் கண்டால் "பேங்க்காரரு வாறாரு" என்பார்கள். அவளைக் கண்டால் "நம்ம நிலு வந்துட்டா" என்பார்கள். இது இரண்டு வருடமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது.

திருவிழாவுக்கு ஒரு வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் வீதம், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வரி அனுப்புவார்கள். கோயில் கமிட்டி முதலில் அவளுடைய செயலியைத்தான் எடுத்தது. அன்று மாலையே தலைவர் இராசையாவைத் தனியாகப் பிடித்தேன்.

"தலைவரே, நாலு பேரு கம்பனி. நாளைக்குக் கதவ மூடிட்டா அம்மன் காச யாருகிட்ட போயி கேப்பீங்க?"

"அப்புடியும் நடக்குமா தம்பி?"

"நடக்காதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

அந்தக் கம்பனியில் ஒரு குறையும் நான் அறிந்ததில்லை. தலைவர் பயந்துபோனார், வரி என் வங்கிக்கு மாறியது. நிலுக்ஷி "நல்லதுண்ணே" என்று மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வரி வந்ததும் அந்த வீட்டுப் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வது எங்கள் வழக்கம். அதைக் கேட்பதற்கென்றே தாய்மார்கள் திருவிழா அன்று காலையிலேயே முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்தத் திருவிழாவில் மைக் என் கையில் இருந்தது. என் செயலியிலோ தொகையும் நேரமும் மட்டும் விழுந்தன. பெயர் விழாது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"என்னப்பா, பேங்க்குக்கு வாய் கட்டிருச்சா?" என்றார் தப்பு மேளம் அடிப்பவர். கூட்டம் சிரித்தது.

நிலுக்ஷி எழுந்து வந்தாள். "நேரத்த மட்டும் வாசிங்கண்ணே. புள்ளைங்க நம்பரு பூரா எங்கிட்ட இருக்கு. எப்ப அனுப்புனீங்கன்னு கேட்டுப்புடலாம்."

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"அப்ப மைக்கப் புடிச்சு ரெண்டாயிரம், ரெண்டாயிரம்னு சொல்லிக்கிட்டே இருங்க."

வாசித்தேன். அவள் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டாள். அவள் சொன்ன பெயர்களை நான் மைக்கில் சொன்னேன். பெயர் கேட்ட ஒவ்வொரு தாயும் திரும்பிப் பார்த்தது அவளைத்தான்.

கடைசியில் பத்து நாற்பத்தேழுக்கு வந்த ஒரு வரி மட்டும் மிஞ்சியது. தொலைபேசி எடுக்காதவர்கள் இருவர்: கருப்பம்மா அக்காவின் மகன் நிமலன், கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் துஷாந்தினி.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றாள் நிலுக்ஷி.

கருப்பம்மா அக்கா மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயராவது நிலுக்ஷியின் உதவியில்லாமல் என் வாயிலிருந்து போகட்டும் என்று நினைத்தேன். மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"கருப்பம்மா குடும்பம், மகன் நிமலன், ரூபாய் இரண்டாயிரம்!"

அக்கா எழுந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீ நல்லா இருக்கணும் சாமி!" என்றார். நான் உடனே நிலுக்ஷியின் முகத்தைத்தான் பார்த்தேன்.

அவள் தொலைபேசி ஒலித்தது. பேசிவிட்டு என் காதோரம் வந்தாள்.

"துஷாந்தினி பேசுச்சு. பத்து நாப்பத்தேழு அவ அனுப்புனது. நிமலனுக்கு ரெண்டு மாசமா வேலை இல்லையாம். வீட்டுல சொல்லலையாம்."

"இப்ப என்ன செய்ய?"

"துஷாந்தினி பேரையும் சொல்லிருங்க. நிமலன் வரிய நாம போட்ருவோம். அக்காவுக்குத் தெரிய வேணாம்."

நாம என்றாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அறிவித்தது நான், போடுவதும் நானாகத்தான் இருக்க வேண்டும். துஷாந்தினியின் பெயரைச் சொல்லி முடித்து, செயலியைத் திறந்து இரண்டாயிரம் என்று அடித்தேன். உறுதி எண் குறுஞ்செய்தியில் வரும் என்றது. வரவில்லை. தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே ஓடி, சவுக்கு மரத்தடியில் நின்று பார்த்தேன். வரவில்லை.

திரும்பிப் பார்த்தபோது நிலுக்ஷி கைப்பையிலிருந்து இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்களை எடுத்துத் தலைவர் முன்னிருந்த வரித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எண் வந்தது. இனித் தேவையில்லை என்று தெரிந்தும் அதை அடித்துப் பணத்தை அனுப்பினேன்.